ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒட்டிய எண்

போன மாதம் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் மோட்டார் தூக்கப் போயிருந்தோம். ஆட்கள் பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்தில் எங்கள் கடை ஸ்டிக்கர். வெயில் படாத இடம் என்பதால் சிவப்பு நிறம் மங்காமல் இருந்தது. அப்பாவின் கையெழுத்தில் மோட்டார் எத்தனை எச்.பி., காயில் (மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று) கட்டிய தேதி, அதற்குக் கீழே போன் நம்பர். ஆறே இலக்கம்.

கோவை லேண்ட்லைன்கள் ஏழு இலக்கமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாடு முழுக்க லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்களே, அப்போது மாறியது. ஸ்டிக்கர் அதற்கும் முந்தையது. ஆனால் தோட்டத்துக்காரர் விட்டுவிடவில்லை. அந்த ஆறு இலக்கத்துக்கு முன்னால் ஆணியால் கீறி ஒரு 2 போட்டிருந்தார்.

அந்த 2-ஐப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே எண்ணைத்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தேன்.

எங்களுடையது மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் கடை, பின்பக்கம் காயில் கட்டும் பட்டறை. அப்பா ஆரம்பித்தது. கோவையில் இப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பம்பு செய்யும் ஊர் இது. செய்கிற இடத்தில் பழுது பார்க்கிறவர்களும் இருப்பார்கள். பிறகு ஒருவர் ஏன் எங்களைத் தேடிக் கூப்பிடுகிறார்? மோட்டார் நின்றுபோன அந்த நிமிஷத்தில் அவர் கண்முன்னால் ஸ்டார்ட்டர் பெட்டியில் எங்கள் நம்பர் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான். சூலூர், பல்லடம், பொங்கலூர், கிணத்துக்கடவு என்று எத்தனை மோட்டார் ரூம்களில் அது ஒட்டியிருக்கிறது என்று எங்களுக்கே கணக்குத் தெரியாது. மாற்ற வேண்டும் என்று நினைத்தாலும் ஒவ்வொரு கிணற்று மேடாகப் போய் மாற்றி ஒட்ட முடியாது.

கடைக்குப் போன் லைன் எடுக்க யோசிக்கிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள், எந்தக் கம்பெனி நல்லது, எது மலிவு என்று. நான் ஒரு வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பம் ஒரு குழியில். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பொக்லைன் வாளியில் மண்ணோடு சேர்ந்து கறுப்புக் கேபிளும் மேலே வந்தது. அறுந்த முனையில் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற உறை, குதிரை வால் மாதிரி தொங்கின. அதில் இரண்டு ஜோடி எங்களுடையது. இணைத்துக் கொடுக்க ஆள் வந்தார், பார்த்தார், குழாய் வேலை முடிந்து குழியை மூடாமல் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தொன்பது நாள் கடையில் போன் அடிக்கவில்லை. வைகாசி மாதம், தோட்டங்களில் தண்ணீருக்குத் தவிக்கிற நேரம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். லைன் செத்திருந்தாலும் அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே வேறு எண்ணுக்குத் திருப்பிவிட முடியும். அறுந்தது எக்ஸ்சேஞ்சுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் கம்பிதான். எண் எக்ஸ்சேஞ்சில் பத்திரமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்துக் கேட்டால் பார்வர்டு போட்டுத் தருவார்கள். இது எனக்குப் பதினோராம் நாள்தான் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் வெறும் மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போயிருக்க மாட்டார்கள். இன்னொன்று, லேண்ட்லைன் பழுது 3 நாளுக்கு மேல் இழுத்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2009-ல் போட்ட தரவிதிகளிலேயே இருந்தது. நாங்கள் கேட்டோம், கழித்தார்கள். பெரிய தொகை கிடையாது, ஆனாலும் புகார் எண்ணை எழுதி வைத்திருந்ததால்தான் கேட்க முடிந்தது.

அந்தப் பத்தொன்பது நாளுக்குள் மூன்று பேர் கடைக்கு வந்து போனார்கள். ஒருவர் பைபர் (கண்ணாடி இழை) லேண்ட்லைன் விற்க, ஒருவர் எஸ்.ஐ.பி. டிரங்க் (இணையம் வழியாக ஒரே நேரத்தில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் லைன்) விற்க, ஒருவர் கிளவுட் டெலிபோனி விற்க. மூன்று பேரும் முதலில் பேசியது ரேட்டைப் பற்றி. நிமிஷத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு, அவர்களைவிட நாங்கள் இவ்வளவு குறைவு.

நியாயமாகப் பார்த்தால் ரேட்டைப் பற்றிப் பேச இப்போது அதிகம் இல்லை. அப்பா காலத்தில் அது பெரிய விஷயம். மும்பையில் இருக்கும் பேரிங் வியாபாரியிடம் பேச ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காத்திருப்பார், அப்போதுதான் எஸ்.டி.டி. எனும் வெளியூர் அழைப்பின் கட்டணம் கால்வாசி ஆகும். அம்மா பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டத்தைக் கொண்டுவந்து நாட்டின் எந்த மூலைக்கும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்று ஆக்கியபோது எங்கள் கடையில் அது ஒரு திருநாள். அப்போது தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன். அதற்கப்புறமும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு அழைப்பு போனால் அழைத்தவருடைய கம்பெனி மற்றதற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2015-ல் அது மொபைலிலிருந்து மொபைலுக்கு நிமிஷத்துக்கு 14 பைசா, 2017 அக்டோபரில் 6 பைசா, 2021 ஜனவரி 1 முதல் ஒன்றுமே இல்லை. செலவே இல்லாத ஒன்றில் யார் யாரைவிட எவ்வளவு குறைத்துக் கொடுக்க முடியும்? அதனால் இன்று ரேட்டை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது, பேரிங் வாங்கப் போய் டப்பாவின் நிறத்தைப் பார்ப்பது போன்றது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இந்தத் தெளிவு இல்லை. போன் அடிக்காத கடையில் உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய பதற்றம். கிளவுட் எண் அன்று சாயங்காலமே வேலை செய்யும் என்றார்கள், ஒரு வருஷத்துப் பணத்தைக் கட்டி வாங்கிவிட்டேன். பழைய எண்ணுக்கு வருவதையெல்லாம் அதற்குத் திருப்பிவிட்டோம். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எனக்கு வந்த சிக்கல்கள் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவும் இல்லை.

கிளவுட் டெலிபோனி என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கென்று கம்பி எதுவும் கிடையாது. ஒரு எண் தருகிறார்கள். அதற்கு அழைப்பு வந்தால் அவர்களுடைய கம்ப்யூட்டர் எடுக்கிறது, நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் மொபைல்களுக்கு ஒவ்வொன்றாகவோ ஒரே நேரத்திலோ அடிக்கிறது, எடுத்தவரோடு இணைக்கிறது. எல்லாம் பதிவாகிறது. கேட்கும்போது நன்றாக இருக்கிறது, பல தொழில்களுக்கு உண்மையிலேயே நல்லதும்கூட.

முதல் சிக்கல் பில்லில் தெரிந்தது. லேண்ட்லைனில் வரும் அழைப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால் கிளவுட்டில் வரும் அழைப்பை அவர்கள் நம் மொபைலுக்கு இன்னொரு அழைப்பாகப் போட்டு இணைக்கிறார்கள். அந்த இரண்டாவது அழைப்பின் நிமிஷங்கள் நம் கணக்கு. வாடிக்கையாளர் பேசப் பேச நம் இருப்பு கரைகிறது. ஒரு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று விசாரிக்கப் பத்து நிமிஷம் ஆகும் தொழில் எங்களுடையது. பில்லில் 30 விநாடிக்கு ஒரு யூனிட்டா, 60 விநாடிக்கு ஒரு யூனிட்டா, மீதமுள்ள இருப்பு எப்போது காலாவதி ஆகும், இவை இரண்டையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, குரல். "வணக்கம், விற்பனைக்கு எண் ஒன்றை அழுத்தவும், சர்வீஸுக்கு எண் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பெண் குரலைப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கிணத்துக்கடவிலிருந்து ஓர் அம்மா நேரில் கடைக்கே வந்துவிட்டார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். "ஏனுங் தம்பி, யாரோ ஒரு புள்ளை போனை எடுத்துப் பேசிட்டே இருக்குதுங்க, நான் சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்குதுங்க" என்றார். அன்று மாலையே அதை எடுத்துவிடச் சொன்னேன். எங்களுக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். போன் செய்தால் மனுஷன் எடுக்க வேண்டும் அவர்களுக்கு.

மூன்றாவதுதான் மனதை மிகவும் வருத்தியது. அந்த எண்ணிலிருந்து நாங்கள் திரும்பக் கூப்பிட்டால் பலர் எடுக்கவே இல்லை. காயில் கட்டி முடிந்த மோட்டார் நான்கு நாளாகப் பட்டறையில் கிடக்கிறது, உரியவர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். கடைசியில் என் சொந்த மொபைலிலிருந்து கூப்பிட்டேன். "அட, நீங்களுங்களா? செவப்பா லோன்னு வந்துச்சுங்க, அதான் எடுக்கலைங்க" என்றார். எங்களுக்கு முன்னால் அந்த எண்ணை வைத்திருந்தவர் கடன் வேண்டுமா என்று ஊரையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது. அழைப்பவர் யார் என்று காட்டும் செயலிகளில் அந்த எண்ணுக்கு அப்படி ஒரு பெயர் விழுந்து கிடந்தது. புது எண் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் யாரோ கழற்றிப் போட்ட எண்தான். மொபைல் எண்ணே கூட, ஒருவர் விட்ட பிறகு 90 நாள் கழித்து இன்னொருவருக்குப் போகலாம். எண் வாங்கும் முன் அதை இரண்டு மூன்று செயலிகளில் போட்டுப் பாருங்கள். கெட்ட பெயர் வந்தால் வேறு எண் கேளுங்கள், தருவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கிளவுட்டால் எனக்கு ஒரு பெரிய நன்மையும் நடந்தது. எந்த நேரத்தில் எத்தனை அழைப்பு, எத்தனை பேர் ஒரே சமயத்தில், எத்தனை தவறியது என்று அதன் ரிப்போர்ட்டில் எல்லாம் இருந்தது. லேண்ட்லைனில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது யார் வந்து பிஸி சத்தம் கேட்டுவிட்டுப் போனார் என்று தெரியாது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்களுக்கு அது தெரிந்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரை அழைப்புகள் குவிகின்றன, அப்புறம் பகல் முழுக்கச் சிதறலாகத்தான் வருகின்றன. தோட்டத்தில் விடிந்ததும் மும்முனை மின்சாரத்தில் மோட்டாரைப் போடுவார்கள். பழுதான மோட்டார் தன் பழுதைக் காட்டுவது அந்த முதல் ஸ்டார்ட்டில்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே சமயத்தில் நான்கு பேர் வரை காத்திருந்திருக்கிறார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டு லைன்.

எத்தனை லைன் வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாள் மொத்தத்துக்கு எத்தனை அழைப்பு என்ற கணக்கு உதவாது, நெரிசலான அரை மணியில் எத்தனை பேர் ஒன்றாக வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. எஸ்.ஐ.பி. டிரங்க் விற்க வந்தவரும், அவருக்கு முன்னால் பி.ஆர்.ஐ. விற்க வந்தவரும் 30 சேனல் என்று ஆரம்பித்தார்கள். பி.ஆர்.ஐ. என்பது ஒரே இணைப்பில் 30 பேர் ஒன்றாகப் பேசக்கூடிய பாதை. ஆஸ்பத்திரிக்கு வேண்டும், பஸ் புக்கிங் ஆபீஸுக்கு வேண்டும். நான்கு பேர் வேலை செய்யும் கடையில் 30 பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க ஆள் எங்கே?

இனி மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக் அவர், அப்பா காலத்து ஆள். மோட்டார் ஓடவில்லை என்று யாராவது கூப்பிட்டால் போனை அவரிடம் கொடுத்துவிடுவோம். இரண்டு கேள்வி கேட்பார். அப்புறம், "போனைக் கொண்டுபோய் மோட்டார்கிட்ட புடிங்க, புடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேரிங் அரைக்கிறதா, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உரசுகிறதா, மும்முனையில் ஒரு பேஸ் வராமல் உறுமுகிறதா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அதை வைத்துத்தான் வண்டியில் என்ன ஸ்பேர் ஏற்றுவது என்று முடிவு செய்வோம். முப்பது கிலோமீட்டர் போய்த் தவறான சாமானோடு நிற்காமல் இருப்பது இந்தக் காதால்தான்.

கிளவுட் எண் வந்த பிறகு அவர் அடிக்கடி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். "மோட்டார் ஓடுதுன்னு அவுங்க சொல்றாங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கலை தம்பி. நடுநடுவுல அறுந்து அறுந்து வருது" என்றார். வயசாகிவிட்டது, காது மந்தம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன். காரணம் வேறு இடத்தில் இருந்தது.

போனில் நம் குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பழைய எக்ஸ்சேஞ்சுகள் பயன்படுத்தியது ஜி.711. அது ஒலியைப் பெரிதாகச் சுருக்காது, விநாடிக்கு 64 கிலோபிட் செலவழித்து வந்த சத்தத்தை வந்தபடியே அனுப்பும். இணையம் வழி அழைப்புகளில் இடத்தை மிச்சம் பிடிக்க ஜி.729 என்ற ஒன்றைப் போடுவார்கள். அதற்கு 8 கிலோபிட் போதும், எட்டில் ஒரு பங்கு. எப்படி முடிகிறது? அது மனிதக் குரலின் போக்கை மட்டும் தெரிந்துகொண்டு அதை மட்டும் அனுப்பும்படி செய்யப்பட்டது. குரல் அல்லாத சத்தம் அதன் கையில் உருக்குலைந்துவிடும். போதாததற்கு, யாரும் பேசாத நேரத்தில் ஒன்றுமே அனுப்பாமல் இருக்கும் வசதியும், ஒரே சீராக வரும் இரைச்சலை வடிகட்டும் வசதியும் கூடவே இருக்கும். ஓடுகிற மோட்டாரின் சத்தம் அந்த இயந்திரத்துக்கு வெறும் இரைச்சல். மேஸ்திரி கேட்க விரும்பியதை அது ஒழுங்காகத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மொபைலில் கிளம்பும்போதே ஒரு தடவை சுருங்கி வருகிறது, இங்கே இரண்டாவது தடவை.

சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் விடாமல் பேசி, கோடெக்கை ஜி.711-க்கு மாற்றித் தாருங்கள், இரைச்சல் வடிகட்டியை அணைத்துத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன். மாற்றினார்கள். அடுத்த நாள் மேஸ்திரி, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்கு "மேல புஷ் போயிருச்சு" என்றார், போயிருந்தது. உங்கள் தொழிலில் போனில் வெறும் பேச்சு மட்டும்தான் என்றால் இது தேவைப்படாது. ஆனால் ஒலிக்கு மதிப்பு உள்ள தொழில் என்றால், பியானோ டியூன் செய்கிறவரோ ஏ.சி. மெக்கானிக்கோ, விற்க வருகிறவரிடம் கோடெக் எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம், தெரிந்தவரை அழைத்து வரச் சொல்லுங்கள்.

கோடெக் சரியான பிறகு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய லைனுக்கு வாடகை, கிளவுட்டுக்குக் கட்டணம், இரண்டும் எதற்கு என்று தோன்றியது. பழையதை விட்டுவிட்டு ஸ்டிக்கரையும் பில் புத்தகத்தையும் புது எண்ணில் அச்சடித்துவிடலாம் என்று விண்ணப்பத்தை நிரப்பி மேஜையில் வைத்திருந்தேன். டீ குடிக்க வந்த மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "இதை வுட்டுட்டா இந்த நம்பர் யாருக்குப் போகும் தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கப் போனபோதுதான் விஷயத்தின் அடி தெரிந்தது. மொபைல் எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனி மாறலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் விழுந்தபோது தமிழ்நாட்டில் அதை நம்பியிருந்த கடைக்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கலாம். ஒரு வாரம் தவித்தார்கள், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு தொழிலை நடத்தினார்கள். கம்பெனி போனாலும் எண் பிழைத்தது. லேண்ட்லைனுக்கு இங்கே அந்த வசதி கிடையாது. எந்தக் கம்பெனி கொடுத்ததோ அங்கேயே அது இருக்கும். நீங்கள் விட்டால் அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கிளவுட் எண்ணில் இன்னும் ஒரு படி கூடுதல்: எண் ஏதோ ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது, அதை கிளவுட் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது, அவர்களிடமிருந்து நாம் வாடகைக்கு எடுக்கிறோம். நடுவில் இருக்கும் கம்பெனி மூடினால் என்ன ஆகும்? என் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன், அந்த எண்ணில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாருக்கும் அதே டேர்ம்ஸ்தான் சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

அப்பா முப்பது வருஷம் ஊர் ஊராக ஒட்டிய எண்ணை, யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு வரவேற்பறையில் அடிக்கும்படி விட்டுவிடப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தைக் கிழித்தேன்.

பிறகு பழைய நிறுவனத்திடமே போனேன். செம்புக் கம்பிக்குப் பதிலாக பைபர் இழுத்து, அதே எண்ணை அதில் தர முடியுமா என்று கேட்டேன். எங்கள் பகுதியில் முடிந்தது. உங்கள் பகுதியில் எண் மாறாமல் தருவார்களா என்பதை, பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். துண்டித்த பிறகு கேட்பதில் பயன் இல்லை.

பைபருக்கு மாறும்போது மறக்கவே கூடாத ஒன்று கரண்ட். செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, அந்தக் கம்பி வழியாகவே 48 வோல்ட்டில் வந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகள் இருக்கும். 2012-ல் கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது பட்டறை இருட்டில் கிடந்தது, லேத் நின்றது, ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா ஆர்டர் எழுதியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கடையில் மாட்டும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி கரண்ட் போனதும் செத்துவிடும், கூடவே போனும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டினேன். பெட்டியில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று போட்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 3 மணி 40 நிமிஷம் தாங்கியது. எங்களுக்கு அது போதும். நீங்களும் அணைத்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். பழைய எண் பைபரில், கடை மேஜையில், மேஸ்திரி கைக்கு எட்டும் இடத்தில். அது பிஸியாக இருந்தால் மட்டும் அழைப்பு கிளவுட் எண்ணுக்குத் திரும்பும். அங்கிருந்து மூன்று மொபைல்களுக்கு ஒரே நேரத்தில் அடிக்கும். காலை நெரிசல் அதில் அடங்கிவிடுகிறது. கூப்பிடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது, அவருக்குத் தெரிந்தது ஒரே எண். கிளவுட்டில் இப்போது போவது மொத்த அழைப்பில் கொஞ்சம்தான் என்பதால் அதன் பில்லும் இறங்கிவிட்டது. திரும்பும் அழைப்பு லேண்ட்லைன் கணக்கில் எப்படிச் சேரும் என்பது ஒவ்வொரு பிளானுக்கும் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கூப்பிட லேண்ட்லைன்தான். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 போட வேண்டும். எங்கள் இன்டர்காம் பெட்டியில் வெளி லைனுக்கே ஒரு 0 உண்டு, ஆக இரண்டு 0. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

1800 எண் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அதில் கூப்பிடுகிறவரின் செலவை நாம் ஏற்கிறோம். இன்று எல்லோர் மொபைலிலும் பேச்சு அளவில்லாமல் இருக்கிறது, யாருடைய காசை மிச்சப்படுத்த அது? எங்களைப் போன்ற கடைகளுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எஸ்.ஐ.பி. எடுத்தால் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு ஆபர் அழைப்பு போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். பதிவு செய்யாமல், சாதாரண எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு போடுவது விதிமீறல். அதற்கென்று 140 என்று தொடங்கும் எண் வரிசை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று ட்ராய் போட்ட உத்தரவு, அப்படிச் செய்கிறவரின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து இரண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொன்னது. எல்லா இணைப்புகளும் என்றால் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணும் சேர்த்துத்தான்.

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு ஓர் அழைப்பு. பொங்கலூர் பக்கத்துக் குரல், நல்ல வயசானவர். "ஸ்டிக்கர்ல ஆறு நம்பர்தானுங்க இருக்குது, பேரன்தான் முன்னால என்னென்னமோ போட்டுப் புடிச்சுக் குடுத்தானுங்க. அப்பா இருக்காருங்களா?" என்றார். அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நல்ல மனுசனுங்க" என்றார். அப்புறம் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றார். நான் ரிசீவரை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, "போனைக் கிட்ட புடிக்கச் சொல்லுங்க பேரனை" என்றார்.